களைத்த பிறகு நிற்கிறவர்

அண்ணாச்சி உட்கார்ந்து பார்த்தவர்கள் தாராவியில் குறைவு. படுத்துப் பார்த்தவர்கள் பிற்பாடு நிறையப் பேர் ஆனார்கள். நான் கூடவே இருந்து எல்லாவற்றையும் பார்த்தவன். அதனால் அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது.

ஒருமுறை டோம்பிவிலியில் ஒரு கல்யாணம். அவர், அவர் மனைவியான மைனி, நான் மூன்று பேரும் லோக்கல் வண்டியில் போனோம். ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரை விட்டுப் போகிற வண்டி, பெட்டியே காலி. மைனி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் எதிரில் காலை நீட்டிக்கொண்டேன். அவர் மட்டும் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.

"ஒக்காருங்களேன். பாக்குதவன் நம்மகிட்ட டிக்கெட்டு இல்லன்னு நெனைக்கப் போறான்" என்றாள் மைனி.

"ஒக்காந்தா காலு மறந்துரும்."

"மறந்தா நல்லதுதான்" என்றாள் அவள், என்னைப் பார்த்து. "ராத்திரி பூரா அந்தக் காலுதான மொனங்கிக்கிட்டுக் கெடக்கு. நமக்கு உறக்கமா வருது?"

அவர் சிரித்துக்கொண்டே டோம்பிவிலி வரை நின்றார். கல்யாண வீட்டிலும் பந்தியில் உட்கார்ந்த நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் தூணைப் போல ஒரு மூலையில் நின்றார். பெண் வீட்டார் அவரை மண்டபத்துக் காவல்காரர் என்று நினைத்து செருப்பு எங்கே விடுவது என்று கேட்டார்கள்.

என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், எங்கள் சந்தில் எல்லோருமே அந்தப் பக்கம்தான். குர்லாவில் இரும்புக் கடைகளுக்கு லாரியில் வரும் சரக்கை இறக்குகிற வேலை அவருக்கு. கம்பிக் கட்டையும் தகட்டையும் நாள் முழுக்கத் தோளில் சுமந்துவிட்டு, சாயங்காலம் பஸ் ஏறாமல் தாராவிக்கு நடந்தே வருவார். நான் மாட்டுங்காவில் ஒரு கூரியர் ஆபீசில் நாற்காலியைத் தேய்த்துவிட்டு வருவேன். டீ குடித்து, பிஸ்கட் தின்று, தெம்பாக மைதானத்துக்குப் போனால் அவர் அங்கே வேர்வையோடு நின்றுகொண்டிருப்பார். "வாங்க சார், மெத்தை நல்லா இருந்துச்சா?" என்பார்.

மைதானத்தில் கூடுவது கோவிந்தா பயிற்சிக்காக. கிருஷ்ணன் பிறந்ததற்கு மறுநாள் பம்பாயில் தெருவுக்குத் தெரு உயரத்தில் தயிர்ப்பானை கட்டித் தொங்கவிடுவார்கள். ஹண்டி என்று பெயர். ஒருவர் தோளில் ஒருவர் ஏறி, ஆள்மேல் ஆளாகக் கோபுரம் கட்டி அதை உடைக்க வேண்டும். எங்கள் சந்துக்கும் ஒரு குழு இருந்தது. தமிழ்ப் பையன்களும் மராத்திப் பையன்களும் கலந்த குழு. அடி அடுக்கில் வட்டமாகக் கைகோத்து நிற்பவர்களில் அண்ணாச்சி முக்கியமானவர். அவர் தோளில் ஏறி இரண்டாம் அடுக்கில் நிற்பவன் நான். அவருடைய தோள்பட்டை எலும்பு எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அவர் மனைவியைவிட என் பாதத்துக்கு நன்றாகத் தெரியும்.

காலையில் லாரியில் கிளம்பினால் மாட்டுங்கா, சுனாபட்டி, குர்லா என்று ஒவ்வொரு ஹண்டியாக முயன்றுகொண்டே போவோம். பெரிய ஹண்டி செம்பூரில், கடைசியாக. அங்கே போய்ச் சேர்வதற்குள் மழையில் நனைந்து, ஆடி, ஏறி, விழுந்து, சோறு தண்ணி இல்லாமல் எல்லோரும் துவண்டிருப்போம். ஒரு வருஷம் அந்த ஹண்டியின் அடியில் நாங்கள் மூன்றாவது அடுக்கைக்கூடக் கட்ட முடியாமல் சரிந்தோம். மேடையில் மைக் பிடித்திருந்தவன் "தாராவிக்காரர்களுக்கு ஒரு சாயா கொடுங்கள்" என்று இந்தியில் சொன்னான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு அண்ணாச்சியின் காதிலிருந்து கடைசி வரை போகவில்லை.

"காலையில எவனும் தூக்குவான்" என்றார், மறுவாரம். "பல்லு வெளக்குன கையோட நானுந்தான் மலையத் தூக்குவேன். சாயங்காலம் தூக்குதவன்தாம்லே ஆளு."

அதிலிருந்து பயிற்சி தலைகீழானது. முதலில் ஓட்டம். தொண்ணூறு அடி ரோடு வழியாக சயான் கோட்டை மலைக்கு ஓடி, படியேறி, இறங்கி, திரும்பவும் ஏறி, மைதானத்துக்கு ஓடிவர வேண்டும். வந்து மூச்சு வாங்கக் குனிந்தால் முதுகில் ஒரு மணல் மூட்டையைத் தூக்கி வைப்பார். அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு முழங்காலை மடக்கி எழுந்து, மடக்கி எழுந்து, கால் நூலாக ஆன பிறகுதான் கோபுரம் கட்ட விடுவார். தெம்பாக இருக்கும்போது தூக்குவது அவருக்குப் பயிற்சியே இல்லை. அதை அவர் 'போட்டோவுக்குத் தூக்குறது' என்பார்.

என் ஆபீஸ் பக்கத்து ஜிம்மில் ஒரு பையன் கோச்சாக இருந்தான். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பம். படித்தவன், மரியாதை தெரிந்தவன். எங்கள் பயிற்சியை வந்து பார்க்கச் சொன்னேன். ஒருநாள் சாயங்காலம் வந்தான். ஓட்டம் முடிந்து மூட்டை ஏறியதும் முகம் சுளித்தான்.

"அண்ணா, களைச்ச காலோட தூக்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. கொஞ்சமாத் தூக்கலாம். ஆனா இவா முதுகைப் பாருங்கோ, அத்தனையும் வளைஞ்சு கெடக்கு. களைச்ச உடம்பு தப்பா நிக்கறதைத்தான் கத்துக்கும். முதல்ல தூக்கட்டும், அப்புறம் ஓடட்டும். நடுவுல ஒரு நாள் சும்மா இருக்கட்டும்."

"தம்பி, ஹண்டி என்ன ஒங்க ஏசிக்குள்ளயா தொங்குது?" என்றார் அண்ணாச்சி.

எல்லோரும் சிரித்தார்கள். கோச்சும் மரியாதைக்குச் சிரித்தான். போகும்போது என்னிடம் மட்டும் சொன்னான். "வலிக்கறதுன்னு உடம்பு சொன்னாக் கேக்காம இருக்கப் பழக்கறார். நன்னாவே பழக்கறார். அதான் பயமா இருக்கு." பிறகு அவன் எங்கள் பக்கம் வரவில்லை.

கோபுரத்தில் அடியில் நிற்பவனுக்கு மேலே என்ன நடக்கிறதென்று தெரியாது. தலையைக் குனிந்து நிற்பான். மேலே நிற்பவனுக்குக் கீழே யார் கால் நடுங்குகிறது என்று தெரியாது. இருவருக்கும் நடுவே ஒரே ஒரு சொல்தான் உண்டு. "உத்ரோ!" இறங்கு என்று இந்தியில். அடியில் ஒருவனுக்கு முடியவில்லை என்றால் அவன் அதைக் கத்துவான். இரண்டாம் அடுக்கு அதை வாங்கி மூன்றாம் அடுக்குக்குக் கத்தும். அப்படியே உச்சி வரை போய், உச்சியில் இருப்பவன் முதலில் இறங்க, கோபுரம் மேலிருந்து ஒழுங்காகக் கலையும். உயிருக்கு உத்தரவாதம் அந்தச் சொல் மட்டும்தான். அதில் அவமானம் எதுவும் கிடையாது. எல்லாக் குழுவிலும் கத்துவார்கள்.

அண்ணாச்சி கை வைத்தது அந்தச் சொல்லில்.

ஓடி, மூட்டை தூக்கி, கோபுரத்தில் நின்று, இதற்குமேல் ஒரு நொடி முடியாது என்று எங்கள் தொடை துடிக்கும்போது அவரே கீழேயிருந்து "உத்ரோ!" என்று அலறுவார். உயிர் போகிற குரலில் அலறுவார். நம்பி எவன் காலை அசைத்தானோ அவனுக்கு மறுபடியும் மலை. "ஒடம்பு எறங்கணும்னு கெஞ்சும்லே. அந்த நேரம் பாத்து ஒருத்தன் எறங்குன்னும் சொல்லுவான். அப்பமும் நிக்கணும். அதுக்குப் பேருதான் பெலம்."

முதலில் எல்லோரும் ஏமாந்தோம். நான் அந்த மலையில் ஏறிய ஏற்றத்துக்கு அங்கேயே ஒரு வீடு கட்டியிருக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சொல்லைக் கேட்டால் கால் இறங்கத் தவிப்பது போய், இன்னும் இறுகிப் பிடிக்க ஆரம்பித்தது. ஒருநாள் அவர் தொண்டை கட்டும்வரை கத்தியும் ஒருவரும் அசையவில்லை. அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிள்ளை பாஸாகிவிட்ட தகப்பன் கெட்டான். எல்லோருக்கும் வடாபாவ் வாங்கிக் கொடுத்து, தானும் நின்றுகொண்டே ஒன்று தின்றார்.

அன்று மைனி அவருக்குச் சோற்றுக் கேரியர் கொண்டுவந்திருந்தாள். மைதானத்து ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவள் கேட்டாள்.

"நெசமாவே எறங்கணும்னா என்னன்னு கூப்புடுவிய?"

"நான் கீழ நிக்கையில அப்படி ஒரு வேளை வராது."

"வந்தா?"

"வராதுங்கேன்."

அவள் கேரியரை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்குக் கோபுரமும் தெரியாது, அடுக்கும் தெரியாது. எங்கள் குழுவில் ஒருத்தர் மண்டையிலும் ஏறாத கேள்வி அவள் மண்டையில் ஏறியிருந்தது.

அந்த வருஷம் ஹண்டி அன்று விடியற்காலையில் குர்லாவில் லாரி வந்துவிட்டது. லீவு போடச் சொல்லி மைனி கெஞ்சினாள். "களைக்காமப் போயி நின்னா எனக்குக் காலே பிடிபடாது" என்று சொல்லிவிட்டு அவர் போய்ச் சரக்கு இறக்கினார். அங்கிருந்து நேராக வந்து எங்கள் லாரியில் ஏறினார். ஒவ்வொரு ஹண்டியிலும் நின்றார். மற்றவர்கள் லாரியில் சாய்ந்து கண் அசந்தபோதும் அவர் கேபின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

செம்பூர் வந்தபோது சாயங்கால மழை. அதே மேடை, அதே மைக். அடி அடுக்கு கைகோத்தது. நான் அவர் தோளில் ஏறினேன். மூன்றாம் அடுக்கு ஏறியது. நான்காம் அடுக்கு ஏறியது. அதற்கும் மேலே எங்கள் ஒல்லிக் கல்லூரிப் பையன் ஒருவன் ஏறத் தொடங்கினான். கூட்டம் கத்துவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தது.

அப்போது கீழேயிருந்து கேட்டது. "உத்ரோ!"

எனக்குத் தெளிவாகக் கேட்டது. எனக்கு இரண்டு பக்கமும் நின்றவர்களுக்கும் கேட்டது. நான் சிரித்தேன். இந்த நேரத்திலும் மனுஷன் விளையாட்டை விடவில்லையே என்று நினைத்தேன். கால் விரல்களால் அவர் தோளை இன்னும் இறுக்கினேன்.

மறுபடியும் "உத்ரோ" என்றார். இந்தத் தடவை குரல் உள்ளே போயிருந்தது. நடிப்பில் எவ்வளவு தேறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். ஒருவரும் மேலே சொல்லவில்லை. ஒருவரும் அசையவில்லை. எங்கள் குழு அதற்கு முன்பு அவ்வளவு அழகாக நின்றதே இல்லை.

பிறகு என் காலுக்கடியில் அவர் தோள் இல்லை.

மேலே இருந்தவர்கள் கூட்டத்தின் கைகளில் விழுந்தார்கள். கல்லூரிப் பையனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. எனக்கு மணிக்கட்டு பிசகியது. அவர் கழுத்து மடங்கி அடியில் கிடந்தார், அவர்மேல் நாங்கள் கிடந்தோம்.

கேட்டதா என்று பிறகு பலர் என்னிடம் கேட்டார்கள். கேட்டது. ஏன் மேலே சொல்லவில்லை என்றார்கள். சொல்லாமல் இருப்பதற்குத்தானே அந்த மலையில் அத்தனை தடவை ஏறினேன்? என்மேல் குற்றம் இல்லை. இதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன். எனக்குக் கோபம் அவர்மேல்தான். இருக்கிற ஒரே ஒரு கதவைத் தன் கையாலேயே ஆணியடித்துச் சாத்திவிட்டு உள்ளே நின்ற ஆள்மேல் வேறு என்ன வரும்?

அவருக்குக் கை கொஞ்சம் அசைந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். வீடு மாடியில். கீழே பை தைக்கிற கார்கானா. பக்கத்தில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி, அதுதான் மாடிப்படி. குழுவில் நாங்கள் நாலு பேர் அவரைப் போர்வையில் சுற்றி அதில் மேலே ஏற்றினோம். ஹண்டி நடத்திய பெரிய மனிதர் ஒருநாள் வந்தார். பாதி ஏணி ஏறி, எட்டிப் பார்த்துக் கும்பிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அடுத்த வருஷம் சந்து முனையில் கட்டிய பேனரில் அண்ணாச்சி படம் இருந்தது. 'எங்கள் அஸ்திவாரம்' என்று மராத்தியில் எழுதியிருந்தது. புது அஸ்திவாரமாக வேறு ஓர் ஆள் நின்றான்.

அவர் வருத்தப்படுவார், ஒரு வார்த்தையாவது தன்னை நொந்துகொள்வார் என்று ஒவ்வொரு ஞாயிறும் போய் உட்கார்ந்து காத்திருந்தேன். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொன்னது வேறு. "நான் கத்துனேன். தொண்ட கிழியக் கத்துனேன். ஒரு பய அசையலயே! அப்படிலா நிக்கப் பழக்கியிருக்கேன்." சொல்லும்போது கண் மின்னும். ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருக்கும் எனக்கு. தலையணையைச் சரிசெய்துவிட்டு வருவேன்.

"இவியளுக்குப் பெருமை. எனக்கு மூத்திரப் பை" என்றாள் மைனி ஒருநாள், அதை மாற்றிக்கொண்டே.

அவள் செம்பூரில் மூன்று வீடுகளில் சமைத்தாள். நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்து அந்த ஏணியில் ஏறுவாள். ஏறியதும், முதுகில் புண் வராமல் இருக்க அவரைத் தூக்கிப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பிறகு துடைக்க, தூக்கி உட்கார்த்த, திரும்பப் புரட்ட. கம்பிக் கட்டு சுமந்த உடம்பு, லேசில் புரளாது. களைத்த பிறகு தூக்குகிற வேலை அப்படி அவளுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு மைக்கும் கைதட்டலும் கிடையாது. அவர் மட்டும் படுத்தபடியே, "முதுக வளைக்காத. காலை அகட்டி வச்சுத் தூக்கு" என்று சொல்லிக் கொடுத்தார்.

"செத்த வாய மூடிட்டு இரிங்க" என்றாள் அவள்.

ஒரே ஒரு தடவை வேறு மாதிரி பேசினார். மைனி தண்ணீர் பிடிக்கக் கீழே போயிருந்தாள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அவள செத்த ஒக்காரச் சொல்லுலே."

"நீங்க சொல்லுங்க."

"நான் சொன்னா எப்படிக் கேப்பா? நீ சொல்லு."

அவர் வாயில் ஒருவரை உட்காரச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அவள் குடத்தோடு மேலே வந்ததும் சொன்னேன். "எப்பம் ஒக்கார?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த நிமிஷம் மட்டும் எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கோ போய், பாவமே என்று இருந்தது.

அவள் எவ்வளவு புரட்டியும் கடைசியில் புண் வந்தது. புண்ணோடு காய்ச்சல் வந்தது. ஒரு மழைக்கால மத்தியானம் போய்விட்டார்.

ஏற்றிய நாலு பேருமே இறக்க வந்தோம். போர்வையில் சுற்றி, மேலே இருவர் தலைமாட்டைப் பிடிக்க, கீழே நானும் இன்னொருவனும் கால்மாட்டைத் தோளில் வாங்கிக்கொண்டு ஏணியில் காலை வைத்தோம். மழையில் ஏணி வழுக்கியது. பாரம் முழுக்க என் தோளுக்கு வந்தது. இத்தனை வருஷம் அவர்மேல் நான் நின்றதற்குச் சேர்த்து அன்று அவர் என்மேல் ஏறியது போல இருந்தது. பாதி ஏணியில் என் தொடை துடிக்க ஆரம்பித்தது.

கீழே கார்கானாக்காரர்கள் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றார்கள். அதில் வயதான ஒருவர், எங்களை மெல்ல இறங்கச் சொல்கிற நல்லெண்ணத்தில், சத்தமாகக் கத்தினார்.

"உத்ரோ, உத்ரோ! ஆராம்சே உத்ரோ!"

நாலு பேரும் நின்றுவிட்டோம்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கால் தானாக இறுகிவிட்டது. கீழே நின்ற பெரியவர் மறுபடி கத்தினார். அசையவில்லை. என் விரல்கள் இரும்புப் படியைக் கவ்விக்கொண்டிருந்தன, எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. மழை அவர்மேலும் எங்கள்மேலும் பெய்தது. என்ன ஆயிற்று இவர்களுக்கு என்று சந்தே அண்ணாந்து பார்த்தது.

மைனி ஏணி அடியில் வந்து நின்றாள். அழுது ஓய்ந்த முகம். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவர் பாதத்தைக் கையை உயர்த்தித் தொட்டாள்.

"எறங்குங்கப்பா" என்றாள். "இது நெசந்தான்."